பதில் சொல்லும் பொம்மை

நான் எகிப்திலிருந்து வந்து இறங்கிய அன்றைக்கு, என்ன கொண்டுவந்தாய் என்று என் அக்கா புஷ்பம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் காட்டுவதற்கு ஒரு பெட்டி நிறையச் சாமான் இருந்தது. கட்டிலில் படுத்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டது வேறு.

"ஏன்டி ஜீவா, மேல போனாலும் பெரட்டு இருக்குமாடி?"

பெரட்டு என்பது விடியற்காலையில் தோட்டத்து ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவது. பேர் கூப்பிட்டால் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். சொன்னவர் கத்தியும் வாளியும் எடுத்துக்கொண்டு மரத்துக்குப் போயே ஆக வேண்டும். இலங்கையில் கஹவத்தைக்கு மேலே இருக்கிற எங்கள் ரப்பர் தோட்டத்தில் அக்கா முப்பத்து நாலு வருஷம் பால் வெட்டினவள். மழை பெய்கிற காலையில் மட்டும் பால் வெட்டு கிடையாது. எங்கள் பக்கத்தில் மழைக்குப் பஞ்சமே இல்லை என்பார்கள். அக்காவைக் கேட்டால் போதாது என்பாள்.

அவளுக்கு வயிற்றில் புற்று. இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துவிட்டு, இனி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அக்கா புருஷன் கன்னையா அத்தான் எனக்கு ஃபோன் போட்டு, "வந்துரு ஜீவா" என்று மட்டும் சொன்னார். அவர்களுக்குப் பிள்ளை கிடையாது. இருந்த ஒரே பிள்ளை நான்தான், அதுவும் ஒன்பது வருஷமாகக் கெய்ரோவில் ஒரு வயதான அம்மாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த பிள்ளை. என்னைக் கட்டினவன் எஹலியகொடையில் வேறு ஒருத்தியோடு சுகமாக இருக்கிறான். அந்தக் கதை இங்கே வேண்டாம்.

அக்கா கேட்டது விளையாட்டில்லை என்பது மறுநாள் விடிகாலையிலேயே தெரிந்துபோனது. வரிசை அறைகளாக நாங்கள் குடியிருக்கிற லயத்துக்கு நேர் கீழேதான் பெரட்டுக் களம். தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் மணி அடித்ததும் அக்கா திடுக்கிட்டு எழப் பார்த்தாள். எழ முடியவில்லை. கையை ஊன்றினாள், கை வழுக்கியது. வேறு தோட்டங்களில் இப்போதெல்லாம் ஃபோனில் பதிந்துவிடுகிறார்களாம். எங்கள் கணக்கப்பிள்ளை அழகமுத்து மட்டும் இன்னமும் தொண்டை கிழியக் கூப்பிடுகிறார். ஒவ்வொரு பேராக மேலே ஏறி வந்தது. "புஷ்பம்" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. ஒரு மூச்சு விடுகிற நேரம் நின்று, அடுத்த பேருக்குப் போனார்.

"பேர எடுக்கச் சொல்ல வேண்டியதுதானே அத்தான்" என்றேன்.

"சொன்னேன். ஆளு உசுரோட இருக்கக்கொள்ள பேர எப்புடி வெட்டுறதுன்னு கேக்குறாரு."

நல்ல மனசுதான். ஆனால் தினமும் அந்த ஒரு மூச்சு நேரத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தவள் என் அக்கா. "யாருமே சொல்லலையேடி" என்றாள். கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் போனது.

இவளைச் சிரிக்க வைக்காவிட்டால் நான் இவ்வளவு தூரம் வந்ததற்கு அர்த்தமில்லை என்று தோன்றியது. அதனால்தான் எகிப்தின் கதையை எடுத்தேன்.

நான் பார்த்துக்கொண்ட அம்மா, மதாம் என்று கூப்பிடுவேன், காலம் பூராவும் மியூசியத்தில் வேலை செய்தவர். நடக்க முடியாமல் போன பிறகும் மாதம் ஒருமுறை என்னைச் சக்கர நாற்காலி தள்ளச் சொல்லி அங்கே போவார். நான் முதலில் செத்தவர்களைப் பார்க்கப் பயந்தேன். பிறகு பழகிவிட்டது. நாலாயிரம் வருஷத்துக்கு முந்தின ஆட்கள், சாவதற்கு இத்தனை ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ரொட்டி, எண்ணெய், செருப்பு, முகம் பார்க்கிற கண்ணாடி என்று கல்யாணப் பெண்ணுக்குச் சீர் அனுப்புவது போல எல்லாவற்றையும் கூடவே வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

"ஈரலு, கொடலு, வயிறு எல்லாத்தையும் எடுத்து ஜாடியில போட்டு பத்திரமா வச்சிருவாங்க அக்கா."

"எம் வயித்தப் போட்டுறாதடி. தூக்கி ஆத்துல எறிஞ்சிரு, சனியன."

"மேல போனதும் நெஞ்ச எடுத்து தராசுல வைப்பாங்களாம். அந்தப் பக்கம் ஒரு எறகு."

"அங்கயும் தராசா!" என்று அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். வெட்டின பாலைத் தினமும் கொண்டுபோய் நிறுத்துக்கொடுத்தவளுக்குத் தராசு என்றால் நல்ல நினைவு எதுவும் வராது.

அதற்குப் பிறகுதான் பொம்மைகளைப் பற்றிச் சொன்னேன். விரல் நீளத்தில், நீல நிறத்தில், கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற பொம்மைகள். கையில் மண்வெட்டி, முதுகில் கூடை. அவர்களுக்கும் அக்காவுக்கு இருந்த அதே பயம் இருந்திருக்கிறது. செத்த பிறகும் அங்கே வயல் உண்டு, வாய்க்கால் உண்டு, மணல் சுமக்க வேண்டும், பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று நம்பினார்கள். ராஜாவாக இருந்தாலும் தப்ப முடியாது. அதனால் இந்தப் பொம்மையைக் கூடவே புதைத்தார்கள். அங்கே பேர் கூப்பிட்டால் செத்தவர் எழுந்திருக்க வேண்டாம். பொம்மை எழுந்து, "நான் இருக்கேன், நான் செய்றேன்" என்று பதில் சொல்லும்.

அக்கா கண்ணைத் திறந்தாள்.

"நெசமாவா?"

"நெசமாத்தான். சிலபேரு வருஷத்துக்கு முந்நூத்தி அறுபத்தஞ்சு பொம்ம வைப்பாங்க. ஒரு நாளைக்கு ஒன்னு. பத்து பொம்மைக்கு ஒரு கங்காணி பொம்ம. அதுக்கு கையில சாட்ட."

அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற மரியாயி என்னவோ ஏதோ என்று ஓடிவந்துவிட்டாள். "பொம்மைக்கும் கங்காணியா! அந்தப் படுபாவிங்க அங்கயும் விடலயா!" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, வலியில் அழுது, மறுபடியும் சிரித்தாள். மூச்சு அடங்கியதும் மெதுவாகச் சொன்னாள்.

"எனக்கு ஒன்னு செஞ்சு தாடி. ஒன்னு போதும். கங்காணி வேணாம்."

மியூசியத்தில் அந்தப் பொம்மைகளை முதல் தடவை பார்த்தபோது நான் அழுதிருந்தேன். ஏன் அழுகிறாய் என்று மதாம் கேட்டார். எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது மதாம் என்றேன். அவருக்குப் புரியவில்லை. நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

எனக்குப் பதினாறு வயதாக இருக்கும்போது அம்மா தவறிவிட்டாள். வீட்டிலிருந்து இரண்டு பேர் வேலைக்கு நின்றால்தான் காம்பரா நம் கையில் இருக்கும் என்றார்கள். அக்கா பேரோடு என் பேரையும் எழுதினார்கள். எனக்கு அது சாதாரண தரம் என்கிற அரசாங்கப் பரீட்சை எழுத வேண்டிய வருஷம். "நீ பள்ளிக்கூடத்துக்குப் போ, நா பாத்துக்கிறேன்" என்றாள் பதினெட்டு வயது அக்கா. பெரட்டில் "புஷ்பம்" என்றால் முன்வரிசையில் நின்று "இருக்கேன்" என்பாள். பிறகு பின்னால் நழுவி, "ஜீவராணி" என்றால் குரலை மெல்லிசாக்கிக்கொண்டு அங்கேயிருந்து ஒரு "இருக்கேன்" போடுவாள். பதில் சொன்னால் மரத்துக்குப் போக வேண்டும் அல்லவா. ஒரு வருஷம் இரண்டு ஆள் மரத்தையும் அவள் ஒருத்தியே வெட்டினாள். அப்போதிருந்த கணக்கப்பிள்ளைக்கு இது தெரியாமல் இல்லை. பால் வந்தால் சரி என்று காதைப் பொத்திக்கொண்டார்.

நான் பரீட்சையில் ஏழு பாடம் பாஸ் பண்ணினேன். கணிதம் போய்விட்டது, அது இல்லாமல் மேலே படிக்க விடமாட்டார்கள். டீச்சராகக் கனவு கண்டவள் கடைசியில் கெய்ரோவில் குளியலறை கழுவினேன். அக்கா இதைப் பற்றி ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஆகவே அவள் பொம்மை கேட்டதும் அன்றைக்கே வேலையைத் தொடங்கினேன். அத்தான் வேலை செய்கிற மாணிக்கக் குழிக்குப் பக்கத்தில் வெள்ளைக் களிமண் குவிந்து கிடக்கும். கொஞ்சம் அள்ளிவந்து பிசைந்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்தது என்பார்கள். எனக்குக் குரங்குகூட வரவில்லை. முகம் பலாக்கொட்டை மாதிரி இருந்தது. ஒரு கையில் பால் வெட்டும் கத்தி, மறு கையில் வாளி என்று நான் சொன்னால்தான் தெரியும்.

"இது நானா?" என்றாள் அக்கா. "இத கூப்பிட்டா அங்க உள்ளவங்க பயந்து ஓடிருவாங்கடி."

"ஓடுனா நல்லதுதானே. லீவு."

பொம்மையின் நெஞ்சில் "புஷ்பம்" என்று ஈர்க்குச்சியால் கீறி, வெயிலில் காயவைத்து, அடுப்புச் சாம்பலுக்குள் வைத்துச் சுட்டு எடுத்தேன். அக்கா அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அன்று இரவு மருந்து இல்லாமலே தூங்கினாள். மறுநாள் மணி அடித்தபோது திடுக்கிடவில்லை. பேர் கூப்பிட்டதும் தலையணைக்கு அடியில் கையை விட்டு, "ம், சொல்லு" என்று பொம்மையைத் தட்டினாள்.

மூன்று நாள் அப்படிப் போனது. அந்த மூன்று இரவும் குழியில் காவல் இருந்த அத்தானுக்கு இது எதுவும் தெரியாது. நாலாம் நாள் மருந்து வாங்க நான் கஹவத்தைக்குப் போனேன். பஸ் பிடித்துத் திரும்பி வரும்போது லயத்து வாசலில் ஊரே கூடியிருந்தது. அக்கா போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன்.

அக்கா மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். நடந்தது வேறு. நான் இல்லாத நேரத்தில் மரியாயி படுக்கை விரிப்பை மாற்ற வந்திருக்கிறாள். தலையணையைத் தூக்கினால் ஒரு மண் பொம்மை. நெஞ்சில் புஷ்பத்தின் பேர், கையில் கத்தி. நோயாளியின் தலைக்கு அடியில் இப்படி ஒன்று கிடைத்தால் எங்கள் ஆட்களுக்கு வேறு என்ன தோன்றும்? ஹூனியம். யாரோ சூனியம் செய்து வைத்திருக்கிறார்கள். மரியாயி மாதா கோயிலுக்குத் தவறாமல் போகிறவள், அவள் போட்ட கூச்சல்தான் எல்லோருடையதையும்விடப் பெரிசு. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது. குழாயடியில் அக்காவோடு சண்டை போட்டவள் யார், சாபம் விட்டவள் யார் என்று ஆளுக்கொரு பேர் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அத்தான் உலக்கையால் பொம்மையை இடித்து, தூளை ஓடையில் கொட்டிவிட்டு வந்து நின்றார். இத்தனை வருஷத்தில் அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை. முகம் பளபளவென்று இருந்தது.

"ஜீவா, கண்டுபுடிச்சிட்டோம்! இதுதான் இவள தின்னுக்கிட்டு இருந்துருக்கு. கட்டாடியாவ கூட்டிட்டு வர ஆளு போயிருக்கு. அவரு வந்து வெட்டி விட்டா எந்திரிச்சிருவா. நீ பாரு, எந்திரிச்சிருவா!"

கட்டாடியா என்பவர் ஹூனியம் கழிக்கிற சிங்கள மந்திரவாதி. எனக்கு முதலில் வந்தது கோபம்தான். "பிஸ்ஸா உங்களுக்கெல்லாம், பைத்தியமா?" என்று கத்தினேன். "அது நா செஞ்ச பொம்ம! அக்கா கேட்டு நா செஞ்சு குடுத்தது! போங்க எல்லாரும், போய் அடுப்ப பாருங்க!"

கூட்டம் கலைந்தது. கட்டாடியாவைக் கூப்பிடப் போன ஆளைத் திருப்பிக் கூட்டிவர ஒரு பையன் ஓடினான். அத்தான் மட்டும் அசையவில்லை.

"நீ செஞ்சதா?"

"ஆமா அத்தான்."

"அப்ப யாரும் ஒன்னும் செய்யலையா?"

"இல்ல அத்தான்."

"அப்ப இவ..." என்றார். வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அந்த அரை மணி நேரம் அவர் பெண்டாட்டி பிழைத்திருந்தாள். நான் வந்து அதையும் பிடுங்கிவிட்டேன். என் வாயை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பொம்மை எதற்கு என்று முதலிலிருந்து சொன்னேன். கடைசி வரை கேட்டார். பிறகு எழுந்து கால்சட்டையை மடித்துக்கொண்டு குழிப் பக்கம் போனார். வரும்போது இரண்டு கை நிறையக் களிமண்.

சேற்றில் அலசி அலசிக் கல் பார்க்கிற விரல்கள் அவருடையவை. அவர் செய்த பொம்மையின் இடுப்பில் அக்கா கட்டுகிற சாக்குத் துண்டின் முடிச்சுகூட இருந்தது. தலைத்துண்டு, நெற்றியில் பொட்டு, காதில் தோடு. நான் நீட்டிய ஈர்க்குச்சியை மட்டும் அவர் வாங்கவில்லை. "பேர நீ எழுது. என்னால முடியாது" என்றார். அவருக்கு எழுதத் தெரியும். நானும் அன்றைக்கு எழுதவில்லை.

ஆனால் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடாத மழை. அடுப்புக்கு மேலே பரணில் வைத்தும் பொம்மை காயவில்லை. ஈரத்தோடு நெருப்பில் வைத்தால் வெடித்துவிடும் என்றார் அத்தான். மழையானதால் அந்த இரண்டு நாளும் பால் வெட்டு இல்லை, பேரும் கூப்பிடவில்லை. அக்கா சொட்டுச் சொட்டாகக் கஞ்சி குடித்தாள். மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கிடந்தாள்.

மூன்றாம் நாள் மழை விட்டிருந்தது. இருட்டு விலகும் முன்பே மணி அடித்தது. அக்காவின் கை தலையணைக்கு அடியில் துழாவியது. அங்கே ஒன்றும் இல்லை.

"காஞ்சிருச்சாடி?"

"இன்னும் இல்லக்கா. இன்னைக்கு காஞ்சிரும்."

"கூப்புடப் போறாங்க" என்றாள். மூச்சு இழுத்தது. விரல்கள் விரிப்பைப் பிடித்துப் பிடித்து விட்டன. எழுந்திருக்கத்தான் பார்க்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது.

நான் சுவரில் மாட்டியிருந்த அவளுடைய கத்தியை எடுத்தேன். வாளியை எடுத்தேன். அவளுடைய சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டேன். "நீ படு. நா சொல்லிட்டு வாறேன்" என்று அவள் காதில் சொல்லிவிட்டுக் கீழே ஓடினேன்.

களத்தில் நாற்பது பேர் நின்றார்கள். என்னைப் பார்த்துவிட்டு யாரும் ஒன்றும் கேட்கவில்லை. முன்வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தது. எத்தனை மாதமாக அதை அப்படியே விட்டிருந்தார்களோ தெரியாது. அங்கே போய் நின்றேன். அழகமுத்து பேர்களைப் படித்துக்கொண்டே வந்தார்.

"புஷ்பம்."

"இருக்கேன்!"

லயம் வரைக்கும் கேட்க வேண்டும் என்று கத்தினேன். அக்காவின் குரல் கொஞ்சம் கட்டையானது. என்னால் முடிந்த மட்டும் கட்டையாக்கினேன். அழகமுத்து புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கிக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"கத்தி இருக்கா?"

"இருக்குங்க."

"சரி" என்று ஒரு கோடு போட்டார். அடுத்த பேருக்குப் போனார்.

பதில் சொன்னவர் மரத்துக்குப் போக வேண்டும். போனேன். வாழ்நாளில் நான் ஒரு மரம் வெட்டினதில்லை, எனக்கும் சேர்த்து அவள் வெட்டியிருந்தாள். பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும், உள் மரத்தில் கத்தி படக்கூடாது என்பது கேள்வி ஞானம். முதல் மரத்தில் ஆழமாக இறங்கிவிட்டது. பால் சிரட்டையில் விழாமல் மரத்தோடு வழிந்தது. "மன்னிச்சுக்க" என்று மரத்திடமே சொன்னேன். பத்தாவது மரத்தில் கை கொஞ்சம் பிடிபட்டது. இருபதாவது மரத்தில் தோள் வலிக்க ஆரம்பித்தது. இதை இரண்டு ஆள் பங்குக்கு ஒரு வருஷம் செய்தாளே என்று நினைத்தபோது மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

முப்பத்தேழாவது மரத்தில் நிற்கும்போது அத்தான் மேட்டில் ஏறி வந்தார். வேகமாக வரவில்லை. அதிலேயே தெரிந்துவிட்டது.

"ஒங் கொரலு கேட்டுச்சு" என்றார். "சொல்லிட்டாளா, சொல்லிட்டாளான்னு ரெண்டு தடவ கேட்டா. சொல்லிட்டான்னேன். சொவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. தூங்குறான்னுதான் நெனச்சேன் ஜீவா."

நான் பக்கத்தில் இல்லாமல் அவள் போனாள். அந்த வருத்தம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை, போகவும் வேண்டாம். ஆனால் அவள் எழுந்திருக்க வேண்டியில்லாத ஒரு காலையில் போனாள்.

அன்று வெயில் நன்றாக அடித்தது. பொம்மை காய்ந்தது. சவப்பெட்டிக்குள் வைக்கும் முன் பால் கத்தியின் நுனியால் அதன் நெஞ்சில் பேர் கீறினேன். எட்டிப் பார்த்த மரியாயி பதறிவிட்டாள்.

"ஐயோ, என்னா புள்ள எழுதுற? ஒம் பேரயா? உசுரோட இருக்கவ பேர பொணத்தோட பொதச்சா என்னா ஆகும்னு தெரியாதா ஒனக்கு?"

தெரியும். எங்கள் ஆட்களில் அதற்குப் பயப்படாதவர் யாரும் கிடையாது, நானும்தான் பயந்தேன். ஆனாலும் கடைசி எழுத்து வரை கீறி முடித்தேன். மேலே யாராவது புஷ்பத்தைக் கூப்பிட்டால் ஜீவராணி எழுந்து போகட்டும்.

"ஒரு வருஷம் அவ எம் பேருக்கு பதில் சொன்னா" என்றேன். "அவளுக்கு ஒன்னும் ஆகலையே மரியாயி அக்கா."

மரியாயி அத்தானைப் பார்த்தாள், இவர் தடுப்பார் என்று. மூன்று நாளைக்கு முன் உலக்கையைத் தூக்கின மனுஷன் அவர். என் கையிலிருந்து பொம்மையை வாங்கிப் பேரைப் படித்தார். ஒட்டியிருந்த மண் துகளை ஊதிவிட்டார். பிறகு குனிந்து, அக்காவின் வலது கையைத் திறந்து, அதற்குள் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக மூடினார்.